பிரஷர் ஏறிய பெரிய மனிதர்கள்

1799 அக்டோபர் என்று சொன்னால் போதும், எட்டயபுரம் பக்கத்தில் எந்த ஸ்கூல் பையனும் மடமடவென்று ஒப்பிப்பான்: கயத்தாறு, புளியமரம், கட்டபொம்மன். காட்டிக்கொடுத்தது எந்த ஊர் ராஜா என்பதையும் சேர்த்தே ஒப்பிப்பான். அப்போது மட்டும் எட்டயபுரத்துக்காரர்கள் பஸ் வருகிறதா என்று வேறு பக்கம் பார்ப்பார்கள்.

அதே மாதம், சுமார் பத்து நாள் முன்னதாக, பர்மிங்காமில் இன்னொருவர் போய்ச் சேர்ந்தார். டாக்டர் வில்லியம் வித்தரிங். இவருக்குத் தூக்குமேடை கிடையாது, வசனம் கிடையாது, சிவாஜி கணேசன் கிடையாது. ஆனால் இன்று நம் கரிசல் காட்டுத் தாத்தா யாராவது கால் வீங்கி, மூச்சிரைத்து, பாளையங்கோட்டை போய் டாக்டரைப் பார்த்துவிட்டு டைஜாக்சின் சீட்டோடு திரும்பினால், நன்றி சொல்லவேண்டிய ஆள் பாஞ்சாலங்குறிச்சியில் இல்லை.

சரி, வித்தரிங் அதைக் கண்டுபிடித்தாரா? பாவம், அவரே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. 1775ல் ஒரு கைமருந்துக் குறிப்பு அவரிடம் கருத்துக் கேட்டு வந்தது. உபயம்: ஷ்ராப்ஷயரில் ஒரு பாட்டி. உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கியவர்களைப் பட்டம் வாங்கிய டாக்டர்கள் கைகழுவிய பிறகு, இந்தப் பாட்டி கஷாயம் கொடுத்து எழுப்பி உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். இருபது மூலிகைக்கு மேல் போட்ட கஷாயம். குடித்தால் வாந்தியும் பேதியும் புரட்டி எடுக்கும், பிறகு வீக்கம் வடியும். வித்தரிங் தாவரவியலில் புலி. மற்றதெல்லாம் கூட்டத்தோடு கோவிந்தா போட வந்தவை, வேலை பார்ப்பது ஃபாக்ஸ்குளோவ் என்ற ஒற்றைச் செடி என்று பிடித்துவிட்டார்.

அப்புறம் பத்து வருஷம் உட்கார்ந்தார். 150க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கதையை, தேறியவர்களையும் தேறாதவர்களையும் மறைக்காமல் எழுதி, 1785ல் புத்தகமாகப் போட்டார். எவ்வளவு கொடுக்கலாம், எப்போது நிறுத்தவேண்டும், எல்லாம் அதில் உண்டு. பாட்டியின் பெயர் மட்டும் இல்லை.

பாட்டிக்குப் பெயர் கிடைத்தது 143 வருஷம் கழித்து. 1928ல் பார்க் டேவிஸ் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனி விளம்பரத்துக்கு ஒரு படம் போட்டது. அதில் 'மதர் ஹட்டன்' என்று ஒரு கிழவி. அதைப் பார்த்து, விஷயம் தெரிந்தவர்களே அந்தப் பெயரை நம்பிப் புத்தகங்களில் ஏற்றினார்கள். உலகத்தின் முதல் ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் பாட்டிக்குப் பெயர்சூட்டு விழா நடத்தியது ஒரு மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட்!

பாட்டிக்கு வித்தரிங் செய்ததை வித்தரிங்குக்கு இன்னொருவர் செய்தார். எராஸ்மஸ் டார்வின், குரங்குக் கதை சொன்ன டார்வினின் தாத்தா. இருவரும் ஒரே சங்கத்து நண்பர்கள். வித்தரிங்கை யோசனை கேட்க வரவழைத்த கேஸையே எடுத்து, வித்தரிங் பெயரைச் சொல்லாமல், புத்தகம் வந்த அதே 1785ல் டார்வின் தன் கட்டுரையை அரங்கேற்றிவிட்டார். அதோடு நட்புக்கு மங்களம். எட்டயபுரத்து மக்கள் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். துரோகிப் பட்டத்துக்கு நாம் மட்டும் ஏகபோக உரிமையாளர்கள் இல்லை.

டைஜாக்சினைத் தரும் அந்த ஃபாக்ஸ்குளோவ் வகைச் செடி செய்வது விஷமமான வேலை. இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே இறைக்கும் பம்ப் ஒன்று உண்டு. மருந்து அந்தப் பம்பைக் கொஞ்சம் மக்கர் செய்ய வைக்கிறது. விளைவாக உள்ளே கால்சியம் சேர்கிறது, தசை இறுக்கிப் பிழிகிறது. துடிப்பும் நிதானத்துக்கு வருகிறது. அளவு கொஞ்சம் கூடினால் அந்த நிதானம் நிரந்தரமாகிவிடும்.

இதே வகைச் சரக்கு நம் நாலுவழிச் சாலை நடுவே சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்குகிறது. அரளி! தண்ணீர் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது என்று நட்டு வைத்தார்கள். மாட்டுக்குத் தெரிந்த விஷயம்தான்: அரளியின் விஷமும் அதே பம்பைத்தான் நிறுத்துகிறது. டைஜாக்சினில் மருந்துக்கும் விஷத்துக்கும் உள்ள தூரம் மைக்ரோகிராம் கணக்கு. ஆகவே 'இயற்கைதானே' என்று வாட்ஸப்பில் எந்தச் சித்தப்பாவாவது அரளிக் கஷாயம் அனுப்பினால், உறவு முறிந்தாலும் பரவாயில்லை, பிளாக் செய்யுங்கள்.

அடுத்த மருந்துக்குக் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி எல்லாம் சொந்தம் கொண்டாடலாம். தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடும் இந்தப் பூமியில், சட்டைப் பையில் சார்பிட்ரேட் இல்லாமல் வெளியே கிளம்பாத ரிட்டயர்டு வாத்தியார் தெருவுக்கு ஒருவர் உண்டு. நெஞ்சு பிடித்தால் நாக்குக்கு அடியில் ஒன்று. அந்த மாத்திரையின் பெரியப்பா யார் தெரியுமோ? டைனமைட்!

1847ல் இத்தாலியில் அஸ்கானியோ சோப்ரெரோ என்ற கெமிஸ்ட் நைட்ரோகிளிசரினைச் செய்தார். அந்தக் காலத்துக் கெமிஸ்டுகளுக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எதைச் செய்தாலும் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். (அவர்களில் பலர் அற்பாயுசில் போனதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை.) சோப்ரெரோவும் துளி வைத்தார். தலைவலி மண்டையைப் பிளந்தது. இன்னொரு முறை சரக்கே வெடித்து முகத்தில் தழும்பு போட்டது. இது மனுஷன் தொடுகிற சாமான் இல்லை என்று ஒதுங்கினார். ஆல்ஃபிரட் நோபல் ஒதுங்கவில்லை. 1864ல் சொந்தத் தம்பி எமில் அதே சரக்கு வெடித்துச் செத்த பிறகும் ஒதுங்கவில்லை. 1867ல் டைனமைட்டுக்குப் பேட்டன்ட் வாங்கினார்.

லண்டனில் வில்லியம் மரல் என்ற டாக்டர் இன்னும் ஒரு படி மேலே. நைட்ரோகிளிசரின் கரைசல் இருந்த புட்டியின் ஈரக் கார்க்கை நாக்கில் தடவிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்தார். சற்று நேரத்தில் நெஞ்சு அடித்த அடியில் கையிலிருந்த பேனாவே துள்ளியது. சாதாரண மனிதர் 'ஐயோ அம்மா' என்றிருப்பார். மரல் 1879ல் லான்செட் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினார்: நெஞ்சுவலிக்கு நல்ல மருந்து!

டைனமைட் தொழிற்சாலைகளில் இது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. திங்கள்கிழமை வேலைக்கு வந்தால் மண்டையிடி. ரெண்டு நாளில் உடம்பு பழகிவிடும். சிலருக்கு வேலை நாளில் நெஞ்சுவலி இல்லை, லீவு விட்டால் வலி. மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் போன நைட்ரோகிளிசரின் வாரம் முழுக்க ரத்தக்குழாயை விரித்து வைத்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை சப்ளை நின்றதும் குழாய் சுருங்கியது. லீவு கொடுத்தால் நெஞ்சு வலிக்கும் நோய்! எந்த முதலாளி வேண்டிக்கொண்டு தீச்சட்டி எடுத்தாரோ.

கடைசியில் நோபலுக்கே நெஞ்சு நோய் வந்தது. டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின். 1896 அக்டோபரில் ஒரு கடிதத்தில் விதியின் விளையாட்டைப் பார் என்று அவரே நொந்துகொண்டார். மருந்துக்கடைக்காரரும் ஜனங்களும் பயந்துவிடக் கூடாதென்று டிரைநைட்ரின் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறார்களாம். கவலை வேண்டாம், நைட்ரோகிளிசரின் மாத்திரை வெடிக்காது. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான சரக்கை மாவோடு கலந்து கொடுப்பார்கள். அந்த டிசம்பரில் நோபல் காலமானார். உயிலில் பரிசுகள் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பரிசு நூறு வருஷம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தது. உடம்பில் போய் அந்த வெடிமருந்து என்னதான் செய்கிறது என்று பார்த்தால், நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகிறது, அது குழாயைத் தளர்த்துகிறது. இந்த விவகாரத்தைத் துலக்கிய ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998ல் மருத்துவ நோபல். அதே 1998 மார்ச்சில் அமெரிக்காவில் இன்னொரு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் நெஞ்சுவலிக்காகச் சோதித்ததுதான். நெஞ்சுக்குப் பெரிதாகப் பிரயோசனம் இல்லை; ஆனால் சோதனைக்கு வந்த ஆண்கள் வேறொரு முன்னேற்றத்தைத் தெரிவித்தார்கள். வயாகரா பிறந்தது. நோபலின் டைனமைட் எங்கெங்கோ வெடித்திருக்கிறது, இங்கே வெடிக்கும் என்று அவர் உயிலில்கூட எழுதவில்லை. (சார்பிட்ரேட் வாத்தியார்கள் கவனிக்க: இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிரஷர் கிணற்றில் விழுந்துவிடும். இது தமாஷ் இல்லை.)

இனி பிரஷர். சொல்லப்போனால் கட்டுரையே இதற்காகத்தான்.

1931ல் லிவர்பூல் புரொஃபசர் ஜான் ஹே பிளட் பிரஷர் பற்றி ஒரு பொன்மொழி உதிர்த்தார். பிரஷர் உள்ளவனுக்குப் பெரிய ஆபத்தே, அது இருப்பது தெரிந்துவிடுவதுதான். தெரிந்தால் எவனாவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கக் கிளம்பிவிடுவான் என்பது அதன் சாரம். சிரிக்காதீர்கள். குழாய் குறுகிவிட்டது, ரத்தம் போய்ச் சேர பிரஷர் ஏறித்தானே ஆகவேண்டும் என்பது அன்றைய பெரிய படிப்பாளிகளின் தர்க்கம்.

அந்தத் தர்க்கத்துக்குப் பலியானவர் சாமானியர் இல்லை. ரூஸ்வெல்ட், அமெரிக்க ஜனாதிபதி. சொந்த டாக்டர் அட்மிரல் மெக்கின்டயர், காது மூக்கு தொண்டை நிபுணர். ஜனாதிபதி ஜோராக இருக்கிறார் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். காதும் மூக்கும் தொண்டையும் ஜோராகத்தான் இருந்திருக்கும். 1944 மார்ச்சில் புரூயன் என்ற இளம் ஹார்ட் டாக்டர் அளந்தார்: 186/108, இதயமும் வீங்கியிருந்தது. கொடுக்க என்ன இருந்தது? ஷ்ராப்ஷயர் பாட்டியின் செடிதான்! உலக யுத்தத்தையே நடத்திக்கொண்டிருந்த வல்லரசின் கையில் 170 வருஷத்துக் கஷாயம். 1945 ஏப்ரல் 12 அன்று அவர் பிரஷர் 300ஐத் தாண்டியது. அன்று மாலை ஜனாதிபதி இல்லை.

நம் பக்கமும் ஒன்றும் குறைச்சல் இல்லை. 1940 பிப்ரவரியில் காந்திக்கு 220/110. கோபமே படாதவருக்கு, உப்பை மிளகாயை ஒதுக்கியவருக்கு, ஆட்டுப்பாலும் கடலையும் சாப்பிட்டவருக்கு! பிரஷர் வந்தால் 'உங்களுக்குக் கோபம் ஜாஸ்தி' என்று ஞானம் சொல்லும் அத்தைமார்கள் இந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

ரூஸ்வெல்ட் அவதிப்பட்ட அதே அமெரிக்காவில், டியூக் பல்கலைக்கழகத்தில், வால்டர் கெம்ப்னர் என்ற ஜெர்மன் அகதி டாக்டர் மருந்தே இல்லாமல் பிரஷரை இறக்கிக்கொண்டிருந்தார். எதைக் கொடுத்து? நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சோறு! சோறு, பழம், சர்க்கரை, அவ்வளவுதான். ரெண்டு வாரம் சாப்பிட்டுவிட்டு வா என்று ஒரு நோயாளிப் பெண்ணிடம் சொன்னார். அவருடைய ஜெர்மன் இங்கிலீஷ் புரியாமல் அந்த அம்மா ரெண்டு மாசம் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றார். வீங்கிய இதயம் சுருங்கியிருந்தது. பிரமாதமான கண்டுபிடிப்பு, காரணம் மட்டமான உச்சரிப்பு.

சோறு தின்றால் பிரஷர் இறங்குமா? அப்படியானால் தஞ்சாவூர் ஜில்லாவில் ஹார்ட் டாக்டர்கள் பட்டினி கிடக்க வேண்டுமே! ரகசியம் சோற்றில் இல்லை, அதில் விழாத உப்பில் இருந்தது. கெம்ப்னரின் சோற்றில் உப்பு மூச். நமக்கோ எட்டயபுரத்திலிருந்து ஒரு பஸ் ஏறினால் தூத்துக்குடி, கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளம். சோற்றைச் சாப்பிடுவதே கருவாட்டையும் மோர்மிளகாயையும் ஊறுகாயையும் உள்ளே தள்ளுவதற்காகத்தான். கெம்ப்னர் இந்தப் பக்கம் கிளினிக் போட்டிருந்தால் ஒரே வாரத்தில் கப்பல் ஏறியிருப்பார்.

இப்போது 1931க்குத் திரும்புங்கள். லிவர்பூல் புரொஃபசர் முட்டாள்களைப் பற்றிக் கவலைப்பட்ட அதே வருஷம், கல்கத்தாவில் இரண்டு பேர் அந்த முட்டாள்தனத்தைச் செய்தே முடித்துவிட்டார்கள். கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ். சர்ப்பகந்தா வேர் பைத்தியத்துக்கும் ஹை பிரஷருக்கும் மருந்து என்று ஓர் இந்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். பீகார் பக்கத்துச் சந்தையில் அந்த வேருக்குப் பைத்தியக்கார மருந்து என்றே பெயர். இந்தியப் பத்திரிகையில் வந்த சமாச்சாரமாயிற்றே, லண்டன் கொட்டாவி விட்டது.

அந்தச் செடிக்கு விஞ்ஞானப் பெயர் ராவுல்ஃபியா. லியோன்ஹார்ட் ராவுல்ஃப் என்ற 16ம் நூற்றாண்டு ஜெர்மன் டாக்டரின் ஞாபகார்த்தம். அவர் சிரியா, ஈராக் வரை வந்தார், காப்பியைப் பற்றி எழுதினார், இந்தியாவில் கால் வைக்கவே இல்லை. அவர் செத்து நூறு வருஷம் கழித்து பிரெஞ்சுத் துறவி ஒருவர் அந்தப் பெயரைச் செடிக்கு வைத்தார். பார்க்காத செடிக்குச் சொந்தக்காரராவதும் ஒரு யோகம்.

அதே 1931, டெல்லி. திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார். ஜெர்மனியில் படித்த கெமிஸ்ட், கூடவே ஓவியர். அவரை அங்கே ஆராய்ச்சிக்கு அழைத்தவர் ஹக்கீம் அஜ்மல் கான். டெல்லியின் பெரிய யுனானி வைத்தியர், காங்கிரஸ் மாநாட்டுக்கே தலைமை தாங்கியவர், 1927ல் மறைந்தார். வேரிலிருந்து புதுப்புதுச் சரக்காக வந்துகொண்டிருந்தது. சித்திக்கி கூசாமல் பெயர் வைத்தார்: அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின். மேனேஜருக்குச் சலாம் போடுவதில் இன்றைய ஐடி கம்பெனிக்காரர்கள் இவரிடம் பாடம் படிக்கவேண்டும், அதுவும் மேனேஜர் காலமான பிறகு!

ஆனால் அசல் ஆசாமி அவரிடமிருந்து தப்பிவிட்டான். படிகமாக வந்தவற்றை அவர் எடுத்துக்கொண்டார். பிரஷரை உண்மையில் இறக்குகிறவன் படிகமாகாத பிசுக்கு மிச்சத்தில் பதுங்கியிருந்தான். 1949ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல், 50 நோயாளிகளுக்கு வேரைக் கொடுத்த கதையை இங்கிலாந்தின் ஹார்ட் பத்திரிகையில் எழுதினார். இங்கிலாந்துப் பத்திரிகையாயிற்றே! உடனே பாஸ்டனில் வில்கின்ஸ் என்ற டாக்டர் அந்த மருந்தை வரவழைத்தார். 1952ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்தப் பிசுக்கைத் துழாவி ரெசர்பைனைப் பிடித்தது. 1956ல் உட்வர்டு அதை ஹார்வர்டில் செடியே இல்லாமல் செய்து காட்டினார். இருபத்தைந்து வருஷம் முன்பு கொட்டாவி விட்டவர்கள் இப்போது கைதட்டினார்கள்.

ரெசர்பைன் நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் நார்அட்ரினலினைக் காலி செய்துவிடும். ரத்தக்குழாயை இறுக்கச் சொல்லி உத்தரவு போட ஆள் இல்லை, பிரஷர் இறங்கும். கூடவே மூக்கு அடைக்கும். சிலருக்கு மனசும் இறங்கிப்போய், காரணமில்லாமல் அழுதார்கள். பைத்தியத்துக்குக் கொடுத்த வேர் பிரஷரைக் குறைத்தது; பிரஷருக்குக் கொடுத்தால் மனசைக் கெடுத்தது. பின்னால் வந்த நல்ல பிள்ளை மாத்திரைகள் அதை ஓரங்கட்டின.

அஜ்மலின் என்ன ஆயிற்று? இன்றும் ஆஸ்பத்திரிகளில், ஈசிஜியில் ஒளிந்து விளையாடும் புருகாடா என்ற இதயக் கோளாறை வெளியே இழுக்க ஊசியாகப் போட்டுப் பார்க்கிறார்கள். ஹக்கீமின் பெயர் வீண்போகவில்லை. அஜ்மலிசின் கதை இன்னும் விசேஷம். அது சர்ப்பகந்தாவில் மட்டும் இல்லை, மடகாஸ்கரிலிருந்து வந்த இன்னொரு செடியின் வேரிலும் உண்டு. அந்தச் செடி நித்தியகல்யாணி. நம் ஊரில் சுடுகாட்டு மல்லி.

தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம், திருநெல்வேலி என்று நம் வானம் பார்த்த பூமியில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும். வேலி வேண்டாம், ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இலை புற்றுநோய் மருந்துக்கு. வேர் காய்ந்து மூட்டையாகிக் கப்பல் ஏறும். ஐரோப்பாவில் தாத்தா பாட்டிகளின் பிரஷருக்கும் மூளை ரத்த ஓட்டத்துக்கும் அதன் அஜ்மலிசின் போயிருக்கிறது. எட்டயபுரம் ஜமீன் பெயர் இந்த மருந்து எதிலும் இல்லை. டெல்லி ஹக்கீமின் பெயர் கரிசல் காட்டு வேருக்குள் இருக்கிறது.

இதையெல்லாம் மூட்டை ஏற்றுகிற இடத்தில் எடுத்துச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

"அண்ணாச்சி, இது காங்கிரஸ் தலைவர் ஒருத்தர் பேரைத் தாங்கின வேரு. வெளிநாட்டுக்காரன் ரத்தக்குழாய்க்குப் போகுது. பாத்து வெலை போடுங்க."

"எவம் பேரு இருந்தா என்னப்பா, வேர்ல மண்ணுல்லா இருக்கு. கழிவு போட்டுத்தான் எடுப்பேன்."